நோபல் இல்லை, வேலை நிரந்தரம் இல்லை... ஆனால் உலகமே மேற்கோள் காட்டிய சென்னை மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

புதுப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கையில் கொடுப்பது ஃபோலிக் அமில மாத்திரை. யானைக்கால் நோய் வராமல் இருக்க வீடு வீடாக வந்து கொடுத்தது டிஇசி மாத்திரை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடச் சொல்வது மெத்தோட்ரெக்சேட். மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள்தான்: எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். படிப்பில் சூரர் என்றெல்லாம் சொல்ல முடியாது. மெட்ரிகுலேஷனே மூன்றாவது முயற்சியில்தான், அதுவும் சென்னைக்கு வந்து இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த பிறகு பாஸ் ஆனார். அடுத்து மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவுக்கு மாமனார் உதவினார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் கோட்டுடன் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தேர்வு நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டம்தான் கொடுத்தார்கள். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தார். இதற்கு முன்பே ஸ்ப்ரூ எனும் குடல் நோய் அவருடைய இரண்டு சகோதரர்களையும் சில நாட்கள் இடைவெளியில் கொண்டுபோயிருந்தது.

1920களின் தொடக்கத்தில் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். அதன் பிறகு அவர் திரும்பி வரவே இல்லை. பாஸ்டனில் பிழைப்புக்காக இரவில் ஆஸ்பத்திரிப் பணியாளர் வேலை, பகலில் ஹார்வர்டு.

நீல நிறம் சொன்ன கணக்கு

1925ல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. மாதிரியில் மாலிப்டேட் கலந்து, இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். எவ்வளவு அடர்த்தியான நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எளிமையாக இருந்ததால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. 1960களில் யூஜீன் கார்ஃபீல்ட், யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார். அப்போது ஃபிஸ்கே–சுப்பாராவ் கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றின் முன்வரிசையில் நின்றது. சுப்பாராவ் அதற்குள் இறந்து பல வருடம் ஆகிவிட்டது.

பாஸ்பரஸை அளப்பதில் என்ன பெரிய விஷயம்? டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டின் முதுகெலும்பிலும் பாஸ்பேட் இருக்கிறது. புகையிலைச் செடியைத் தாக்கும் மொசைக் வைரஸ் வெறும் புரதம்தான் என்று நம்பியிருந்த நேரத்தில், 1936ல் இங்கிலாந்தின் பாடனும் பிரீயும் அதில் கொஞ்சம் பாஸ்பரஸ் இருப்பதைக் காட்டினார்கள். வைரஸுக்குள் ஆர்என்ஏ இருக்கிறது என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கொரோனா காலத்தில் நாம் தினமும் கேட்ட அதே ஆர்என்ஏ.

இந்த முறையை வைத்தே 1927ல் தசையில் பாஸ்போகிரியேட்டின், 1929ல் ஏடிபி என இருவரும் கண்டுபிடித்தார்கள். தசை இயங்கும் சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்ற, நோபல் வாங்கிய கருத்தே ஆட்டம் கண்டது. ஏடிபியை ஜெர்மனியின் லோமனும் அதே ஆண்டு தனியாகக் கண்டுபிடித்தார். செல்லுக்கு எரிபொருளும் அதுதான், ஆர்என்ஏவைக் கட்டும் நான்கு செங்கற்களில் ஒன்றும் அதுதான்.

பெயர் யாருக்குப் போனது?

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகளை ஃபிஸ்கே வெளிவர விடவில்லை என்று அதே ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்தில் சொன்னார். ஹிச்சிங்ஸ் 1988ல் நோபல் வாங்கியவர். சுப்பாராவும் தன் பெயரை முன்னால் நிறுத்தும் ஆள் இல்லை.

1940ல் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் நடத்திய குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு உதவும் மருந்து அது! அதே மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் இரண்டையும் செய்தார்கள். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. 1948ல் வெளியான அந்தக் கட்டுரையின் பெருமை ஃபார்பருக்குப் போனது. யானைக்கால் நோய்க்கான டிஇசியும், முதல் டெட்ராசைக்ளினான ஆரியோமைசினும் வந்தது இதே லெடர்லேயிலிருந்துதான். ஆரியோமைசின் என்றால் பெஞ்சமின் டக்கர் பெயர்தான் ஞாபகம் வரும்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார். 1995ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1953ல், கழிவுநீர் வடிகட்டியில் கிடைத்த ஒரு பூஞ்சைக்கு அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருந்தார்.