இசைக்கருவி செய்த இராபர்ட் மோக்



திருமண மண்டபத்தில் ஒரே கருவியினின்று வீணை, புல்லாங்குழல், வயலின் எனப் பல ஒலிகள் எழக் கேட்டிருப்பீர்கள். இவ்வாறு மின்சாரத்தைக் கொண்டே ஒலியை உருவாக்கும் கருவிக்குச் சிந்தசைசர் என்று பெயர். அதனை இசைக்கலைஞர்கள் எளிதில் கையாளும் வண்ணம் அமைத்துத் தந்த முன்னோடி இராபர்ட் மோக் ஆவார்.

இவர் 1934ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் மின்சார நிறுவனமொன்றில் பொறியியலாளர். மகன் பியானோக் கலைஞனாக வேண்டுமென அன்னையார் விரும்பினார். இராபர்ட் பியானோ பயின்றார். ஆயினும் அவர் மனம் நாடியது தந்தையாரின் பணிமேசையையே.

14ஆம் வயதில், இதழொன்றில் வெளிவந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரமின் என்னும் கருவியைத் தாமே செய்து முடித்தார். அதனைத் தொட வேண்டுவதில்லை. அதன் கம்பிகளின் அருகே கைகளை அசைத்தாலே ஒலி ஏறி இறங்கும். 19ஆம் வயதில் தந்தையாருடன் சேர்ந்து தெரமின் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் 1961இல், டிரான்சிஸ்டர் தெரமினுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்றார். வாங்கியோர் வீட்டிலேயே அதனைப் பூட்டி வாசித்தனர். அவ்வருவாய் அவரது பல்கலைக்கழகப் படிப்புக்கும் உதவிற்று.

1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரின் தேவைகளைக் கேட்டறிந்து, புதிய கருவியொன்றை அமைத்தார். அதன் அடிப்படை எளியது. கீழ்ச் 'ச' நொடிக்கு 220 அதிர்வுகளாயின், மேல் 'ச' 440 அதிர்வுகளாகும். மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் அதிர்வு இருமடங்காகுமாறு மோக் வகுத்தார். ஆகவே கட்டையை அழுத்தினால் உரிய சுரம் பிறந்தது. 1965இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1968இல் இக்கருவியைக் கொண்டே பாக் என்னும் மேதையின் இசை இசைத்தட்டாக வெளிவந்தது. அது மோக்கின் புகழை உலகெங்கும் பரப்பியது. 1970இல், ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க மினிமோக் பிறந்தது.

புகழ் வந்தபோதும் பொருள் நிலைக்கவில்லை. கடன் சுமையால் நிறுவனம் பிறர் கைக்கு மாறியது. 1977இல் மோக் அதனை விட்டு விலகினார். தாம் செய்யும் கருவிக்குத் தம் பெயரையே இடும் உரிமையும் அவருக்கு இல்லாமற்போயிற்று. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வட கரோலினா மாநிலத்தில் வேறு பெயரில் சிறு பட்டறை தொடங்கி, இளமையில் செய்த தெரமினையே மீண்டும் செய்தார். 2002இல் தம் பெயரை மீட்டார். 2005 ஆகஸ்ட் 21ஆம் நாள், 71ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்று, சில வெள்ளிக்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லைக் கொண்டு, இளைஞர்கள் வீட்டிலேயே சிந்தசைசர் செய்கின்றனர். மோக்கின் கருவியில் மின்னழுத்தம் செய்த வேலையை இதில் எண்கள் செய்கின்றன.

பெற்றோர்களே! பழுதான பேட்டரி வானொலியைப் பிள்ளை பிரித்துப் பார்க்க விரும்பினால் சினவாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு நீங்களும் அருகில் அமருங்கள். மோக்கின் பெயரைக்கூடப் பிறர் கொண்டு சென்றனர். தந்தையின் மேசையில் கற்ற கைத்தொழிலை எவராலும் கொண்டு செல்ல இயலவில்லை.