முகம் இடது, உடம்பு வலது!

நியூட்டன், எடிசன் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் அடால்ஃப் வாலன்பெர்க் என்ற டாக்டரைப் பற்றி எழுதறேன். நம்ம பாடப் புத்தகத்தில் இவர் கிடையாது. ஆனா நரம்பு டாக்டர்கள் எல்லாருக்கும் இவரைத் தெரியும்.

1862-ல் பிரஷ்யாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹைடல்பர்க், லைப்சிக் நகரங்களில் மருத்துவம் படித்துவிட்டு டான்சிக் நகரத்தில் டாக்டராக இருந்தார்.

1889-ல் 38 வயது நோயாளி ஒருவரைப் பார்த்தார். அவருக்குத் திடீர்னு தலைசுற்றல். குரல் கம்மிப் போச்சு, சாப்பாட்டை விழுங்க முடியல. இதைவிட விசித்திரம், உணர்ச்சி கெட்டது முகத்தில் இடது பக்கம், கை காலில் வலது பக்கம்!

இது எப்படி? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். முகத்தின் வலி, சூடு, குளிர்ச்சி எல்லாம் ஐந்தாவது கபால நரம்பு வழியா மூளைத்தண்டுக்குள் நுழையும். நேரா மேலே போகாது. அதே பக்கமா முகுளத்துக்குக் கீழே இறங்கி, அங்கே அடுத்த நரம்பு செல்லிடம் செய்தியைக் கொடுக்கும். அதுக்கப்புறம்தான் எதிர்ப்பக்கம் தாண்டி மேலே ஏறும். உடம்பின் வலியோ தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிடும். ஆக, முகுளத்தின் இடது ஓரத்தில் இடது முகமும் வலது உடம்பும் பக்கத்து பக்கத்துல இருக்கு. அந்த இடம் கெட்டா ரெண்டும் போகும். முகத்தைத் தொட்டா மட்டும் பெரும்பாலும் தெரியும், ஏன்னா தொடு உணர்ச்சிக்கு வழி வேற.

முகுளத்தின் ஓரத்துக்குப் போகிற ஒரு தமனி அடைச்சிருக்கணும் என்று 1895-ல் எழுதினார். அப்போ ஸ்கேன் ஏது? எக்ஸ்ரே கண்டுபிடிச்சதே அந்த வருஷக் கடைசியிலதான். வெறும் நரம்புப் பாதைகளை வைத்தே கணக்குப் போட்டார். பிறகு அந்த நோயாளி இறந்தபோது பிரேதப் பரிசோதனை நடந்தது. சொன்ன இடத்திலேயே பாதிப்பு! அதை 1901-ல் வெளியிட்டார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

இவ்வளவு செய்தவரை நாஜிகள் யூதர் என்பதற்காகவே ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வெளியேற்றினார்கள். 75 வயது தாண்டி, 1938-ல், நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு போய் அங்கேயும் ஆராய்ச்சியை விடல! 1943-ல் அமெரிக்கா போனார். 1949-ல் இல்லினாய் மாநிலத்தில் காலமானார், 86 வயது. அவர் வேலை பார்த்த டான்சிக் இப்போ போலந்தில் இருக்கு, பெயர் கிடான்ஸ்க்.