ஊர் ஊராய்ச் சென்ற பள்ளிக்கூடம்

கல்வியைத் தேடி மாணவர் செல்வதே உலக வழக்கு. மாணவரைத் தேடிக் கல்வியே ஊர் ஊராய்ச் சென்ற வரலாறும் உண்டு. அவ்வரலாற்றைப் படைத்தவர் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் கிரிபித் ஜோன்ஸ்.

இங்கிலாந்துக்கு மேற்கே மலைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். வெல்ஷ் மொழி, ஆங்கிலத்தினின்று முற்றிலும் வேறான தொன்மொழி. 1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் ஆங்கிலத்தையே அரியணை ஏற்றியது. 1588இல் வில்லியம் மார்கன் விவிலியம் முழுவதையும் வெல்ஷ் மொழியில் வெளியிட்டார். எனினும், அதனைப் படிக்கத் தெரிந்த ஏழைகள் சிலரே.

கார்மார்தன்ஷயரில் பிறந்து இளமையில் ஆடு மேய்த்தவர் ஜோன்ஸ். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், நம் தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றுமாறு லண்டனிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. தம் நாட்டாரின் அறியாமையை எண்ணிய அவர், அதனை ஏற்காது அங்கேயே தங்கினார். 1716 முதல் லான்தவ்ரர் என்னும் சிற்றூரின் திருச்சபைக் குருவாக விளங்கினார்.

அந்நாளைய அறப்பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமே பயிற்றுமொழி. பொருள் விளங்காச் சொற்களைப் பிள்ளைகள் ஒப்புவித்தனர். அயன்மொழி கற்கப் பல்லாண்டுகள் வேண்டும்; ஏழைக்கோ அவ்வளவு காலம் இல்லை. தாய்மொழியாயின் சில திங்களிலேயே படிக்கக் கற்கலாம் என ஜோன்ஸ் தெளிந்தார். 1731ஆம் ஆண்டளவில் தம் முதற் பள்ளியைத் தொடங்கினார்.

உழவுத் தொழில் ஓய்ந்த காலத்தில், கோயிலிலோ களஞ்சியத்திலோ ஏறத்தாழ மூன்று திங்கள் பள்ளி நடைபெறும். பின்னர் ஆசிரியர் அடுத்த ஊருக்குச் செல்வார். பகலில் வர இயலாதோர் இரவில் வந்தனர். முதியோரும் எழுத்துக் கூட்டிப் படித்தனர். பிரிட்ஜெட் பெவன் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவி புரிந்தார். ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு, ஆங்கிலேயரிடமும் ஜோன்ஸ் நன்கொடை திரட்டினார்.

1761இல் அவர் மறைந்தபோது, அதுவரை நடந்த பள்ளிகள் 3,000க்கும் மேல். பயின்றோர் 1,50,000க்கும் மேல். வேல்ஸின் மக்கள்தொகையே அந்நாளில் ஐந்து லட்சத்தை எட்டவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

எழுத்துப் பயிற்சியையும் கணக்கையும் அப்பள்ளிகள் கற்பிக்கவில்லை என்பது உண்மையே. மொழியைக் காப்பதன்று, ஆன்மாவைக் காப்பதே ஜோன்ஸின் நோக்கம். ஆயினும், படிக்கத் தெரிந்த மக்கள் திரளை அம்மொழிக்கு அவரே அளித்தார். அடுத்த நூற்றாண்டில் வெல்ஷ் இதழ்களும் நூல்களும் செழிக்க அதுவே அடித்தளமாயிற்று.

அவருக்குப்பின் பெவன் அம்மையார் 1779 வரை பள்ளிகளை நடத்தினார். அவர் எழுதிவைத்த உயிலை உறவினர் எதிர்த்து வழக்காடவே, நிதி முடங்கியது, பள்ளிகளும் நின்றன. நற்பணியைத் தொடங்குவது போன்றே, அது நிலைக்க வழிவகுப்பதும் கடமையென்பதை இதனால் அறிகிறோம்.

வறியவனுக்குக் கிடைக்கும் கற்கும் காலம் குறுகியது. அதனை விளங்காத மொழியில் வீணாக்கலாகாது. ஆசிரியராகிய நாமும், நாளை ஆசிரியராகப்போகும் மாணவரும் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவே.