பேய்க்கதைகளைப் பதிவுசெய்த முன்ஷி

சிங்கப்பூரின் சாலை ஒன்று முன்ஷி அப்துல்லாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகக் கருதப்படும் இவருக்கும் தமிழுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அப்துல்லா 1796ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தார். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்த அரபியர் ஒருவர், அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தார். அவர்களின் வழிவந்தவரே அப்துல்லா. அக்காலத்தில் மலாக்கா வணிகர்கள் பலர் தமிழில் கணக்கு எழுதினர். எனவே, அப்துல்லா சிறுவயதில் இரண்டரை ஆண்டுகள் தமிழ் கற்றார். பின்னர், மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியப் படைவீரர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர்களே அவரை முன்ஷி, அதாவது ஆசிரியர், என்று அழைத்தனர். ராஃபிள்ஸிடமும் அவர் எழுத்தராகப் பணியாற்றினார். 1835ஆம் ஆண்டில் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார்.

மலாக்காவில் வில்லியம் மில்ன் என்னும் பாதிரியாருக்கும் அப்துல்லா மலாய் கற்பித்தார். உள்ளூர் மக்கள் அஞ்சிய பேய்களைப் பற்றி மில்ன் ஒருமுறை விசாரித்தார். அப்துல்லா அவற்றை விளக்கிக் கூறினார். அவற்றுள் ஒன்று பெனாங்கலான். அது பெண் உருவம் கொண்டது. இரவில் அதன் தலை, குடலோடு உடலிலிருந்து கழன்று பறக்குமாம். பிள்ளை பெற்ற பெண்ணின் இரத்தத்தைத் தேடி வருமாம். அதைத் தடுக்க மக்கள் ஜெருஜு என்னும் முட்செடியை வீட்டில் தொங்கவிட்டனர். குடல் முள்ளில் சிக்கிவிடும் என்று அஞ்சிப் பேய் நெருங்காது என்பது அவர்களின் நம்பிக்கை.

இரத்தம் குடிக்கும் பேய்களுக்கு எல்லா நாடுகளிலும் ஒரே விதி இல்லை. 1897ஆம் ஆண்டில் வெளிவந்த டிராகுலா நாவலில் வரும் இரத்தக்காட்டேரி பூண்டைக் கண்டு விலகும். கண்ணாடியில் அதன் உருவம் தெரியாது. மலாய்க் கதைகளில் வரும் பொந்தியானாக், பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாக மாறிவிடும். தமிழ்க் குடும்பங்களிலோ பிள்ளை பெற்ற வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் உண்டு. தேக்காச் சந்தையில் வேப்பிலை இன்றும் கிடைக்கிறது. பூண்டு, முட்செடி, வேப்பிலை என ஒவ்வொரு சமூகமும் தனக்கு எளிதில் கிடைத்த பொருளையே காவலாக வைத்துக்கொண்டது.

ஆனால், மலாய் மக்களையும் தமிழரையும் வாட்டிய அச்சம் ஒன்றுதான். அக்காலத்தில் பல பெண்கள் பிரசவத்தின்போது உயிரிழந்தனர். அதற்கான காரணத்தை மக்கள் அறிந்திருக்கவில்லை. காரணம் தெரியாத துயரத்திற்கு அவர்கள் பேய் என்று பெயரிட்டனர். வாசலில் கட்டிய முள், அவர்களுக்குச் சற்று ஆறுதல் தந்தது.

பேய்க்கதைகளை அப்துல்லா நம்பவில்லை. அவை மூடநம்பிக்கைகள் என்பதே அவர் கருத்து. எனினும், அந்த அச்சத்தின் பின்னிருந்த துயரம் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1840ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார். அதே ஆண்டில் அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். தாம் ஏற்காத நம்பிக்கைகளையும் அதில் விரிவாகப் பதிவுசெய்தார். ஹிக்காயத் அப்துல்லா என்னும் அந்நூல் 1849ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சிடப்பட்டது.

1854ஆம் ஆண்டில் ஹஜ் பயணம் மேற்கொண்டபோது அப்துல்லா காலமானார். அன்றைய மக்கள் எதற்கு அஞ்சினார்கள், தங்கள் குடும்பத்தை எவ்வாறு காக்க முயன்றார்கள் என்பதை அறிய அவருடைய நூல் இன்றும் உதவுகிறது.