மிளகாய்ப் பழத்தில் விழும் குழியும் பட்லர் துரையும்

தோட்டத் தோழர்களே, ஜாசின் பக்கம் போனாலும் சரி, அலோர்காஜா பக்கம் போனாலும் சரி, நம்மவர் வீட்டுப் பின்புறத்தில் நாலு மிளகாய்ச் செடி இல்லாத இடம் உண்டா? லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள்கூட பழைய வாளியிலாவது இரண்டு செடி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது குழம்புக்கு. சிலருக்கு அது சந்தைக்குப் போய் நாலு வெள்ளியாகத் திரும்பும் சரக்கு.

காய் சிவக்கும் வரை செடி நல்லாத்தான் இருக்கும். ஒரு வாரம் விடாமல் மழை பிடித்தால் போதும், பழத்தில் வட்டமாகக் குழி விழும். குழிக்குள் கறுப்புப் புள்ளிகள் வளையம் வளையமாகத் தெரியும். பிறகு பழம் அழுகிப்போகும். கண் பட்டுப்போச்சு என்பார் ஒருவர். மழைத்தண்ணியில் விஷம் என்பார் மற்றொருவர். கண்ணும் இல்லை, விஷமும் இல்லை. அது ஒரு பூசணம், உயிருள்ள பொருள். அதற்கு அறிவியல் உலகம் நெடுங்காலம் வழங்கிய பெயரைச் சூட்டியவர்களில் ஒருவர் எட்வின் ஜான் பட்லர். அவருடைய வரலாற்றை இன்று பார்ப்போம்.

பட்லர் 1874-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்கீ என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு, 1845-இல், அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் இறங்கியது. கிழங்கையே சோறாக உண்டு வந்த ஏழைகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாட்டை விட்டுக் கிளம்பியவர்களின் வழிவந்த நமக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா? இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்ததும், அந்த மலைகளில் பிறகு தேயிலை ஏறியதும் நாம் அறிந்ததே. செடிக்கு வரும் நோய் மனுசனையும் ஊர் மாற்றும், தொழில் மாற்றும்.

பட்லர் கார்க் நகரில் மருத்துவம் படித்து 1898-இல் தேறினார். ஆனால் நோயாளியின் நாடி பிடிக்க அவர் போகவில்லை. பூசணங்களின் மேல் அவருக்கு மனம் போயிற்று. 1901-இல் இந்திய அரசாங்கத்தின் வேலையில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1905-இல் பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் புதிதாக எழுந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பூசண ஆய்வாளரானார். மனித வைத்தியராக இருக்க வேண்டியவர் இந்தியப் பயிர்களின் வைத்தியரானார்.

அவர் வேலை செய்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. நோய் கண்ட இலை, காய், வேர் எல்லாவற்றையும் பல மாகாணங்களிலிருந்து திரட்டினார். பெர்லின் நகரில் சீடோ என்ற தந்தையும் மகனும் பூசணங்களை இனம் பிரிப்பதில் பெயர் பெற்றிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து இந்தியப் பூசணங்களை ஒவ்வொன்றாக உலகத்துக்கு அறிவித்தார். 1906-இல் துவரையும் மிளகுக் கொடியும் வாடிச் சாவதைப் பற்றி எழுதினார்.

ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைமரங்கள் குருத்து அழுகிச் செத்தபோது, அதற்குக் காரணமான கிருமியைக் கண்டு 1907-இல் பெயரிட்டார். நோய் கண்ட மரத்தின் தலையை வெட்டி எரித்து, மற்ற மரங்களைக் காக்கும் வேலை அங்கே நடந்தது. அந்தக் கிருமி நமக்கும் அந்நியமில்லை. மழைக்காலத்தில் பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடு விழுந்து பட்டை கெட்டுப்போவதைப் பால் வெட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த நோயை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு.

இனி மிளகாய்க்கு வருவோம். பழத்தில் குழி போடும் பூசணத்தைக் கோயம்புத்தூர் மிளகாயிலிருந்து 1913-இல் முதலில் விவரித்தவர் சீடோ. 1920-இல் பட்லர் இந்தியாவை விட்டு லண்டனை அடுத்த கியூ சென்று, புதிதாகத் தொடங்கிய பூசண ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரானார். அங்கிருந்தபடி பிஸ்பி என்பவரோடு சேர்ந்து 1931-இல் இந்தியப் பூசணங்களின் பெரும் பட்டியலை நூலாக வெளியிட்டார். அந்த நூலில்தான் மிளகாய்ப் பூசணம் சரியான இனத்தில் சேர்ந்து, கொலிடோட்ரிகம் கேப்சிசி என்று பெயர் பெற்றது. இன்று ஆய்வாளர்கள் அதைக் கொலிடோட்ரிகம் ட்ரங்கேட்டம் என்ற பெயரில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் குணம் மாறவில்லை. 1939-இல் சர் பட்டம் பெற்ற பட்லர், 1943-இல் காலமானார்.

அவர் வெள்ளைக்கார அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர்தான். ஆனாலும் அவர் காட்டிய வழி ஏழைக்கும் உதவும். நோயைத் திட்டுவதால் பயனில்லை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

மிளகாய் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது? விதையில்! நாம் என்ன செய்கிறோம்? நல்ல பழத்தைப் பறித்து விற்றுவிடுகிறோம். விலைபோகாத புள்ளிப் பழத்தைக் காயவைத்து, அதில்தான் அடுத்த நடவுக்கு விதை எடுக்கிறோம். விதையின் தோலிலும் உள்ளேயும் பூசணம் ஒட்டியிருக்கும். முளைக்கும்போதே நாற்றுச் சாகலாம். பிழைத்தால் மழை வரும்வரை காத்திருந்து பழத்தைப் பிடிக்கும். ஆக, நோயை வருஷா வருஷம் நாமே டப்பாவில் போட்டுச் சேமிக்கிறோம்!

ஆகவே விதைக்கென்று நோயில்லாத செடியை முதலிலேயே குறித்து வையுங்கள். அதில் நன்றாகப் பழுத்த, புள்ளியில்லாத பழத்தில் மட்டும் விதை எடுங்கள். நிறம் மாறிய விதையைத் தள்ளுங்கள். வெப்பமானி இருந்தால் விதையை 52 டிகிரி சூட்டு நீரில் 30 நிமிஷம் வைத்து, ஆற்றி, உலர்த்தலாம். சூடு கூடினால் முளைப்பு போய்விடும், கைக்கணக்கு வேண்டாம். அழுகிய பழத்தைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்திப் புதையுங்கள். மழைத்துளி தெறித்துத்தான் இது அடுத்த செடிக்குப் போகிறது. செடிக்குச் செடி காற்றுப்போக இடம் விடுங்கள். தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். ஒரே மண்ணில் மிளகாயையே திரும்பத் திரும்ப நடவேண்டாம். மருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால் விவசாய இலாகாவைக் கேட்டுச் செய்யுங்கள்.

விளைச்சலில் சிறந்ததை விற்று, கழிவை விதைக்கு வைப்பது லாபம் போலத் தோன்றும். அந்த நாலு பழத்தின் காசு, அடுத்த பருவத்தில் செடியோடு சேர்ந்து அழுகுகிறது. நல்ல பழம் நாலு விதைக்கென்று செடியிலேயே நிற்கட்டும், தோழர்களே.