டாமியன் அடிகள்

ஒருவரிடம் குற்றம் காண்பது வேறு. குற்றத்தைக் கண்டதும் அவரை ஒதுக்கிவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது டாமியன் அடிகளின் வாழ்க்கை.

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840 இல் பிறந்தவர் அவர். இயற்பெயர் யோசேப்பு. துறவியாகிய அவருடைய அண்ணன் ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்படவேண்டிய வேளையில் நோயுற்றார். அந்த இடத்தைத் தம்பி தமக்காகக் கேட்டுப் பெற்றார். 1864 இல் ஹொனலூலு சேர்ந்து, அங்கே குருப்பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் ஹவாயில் தொழுநோய் பரவியது. 1865 இல் அரசு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, நோய் கண்டவர்களை மொலோக்காய்த் தீவிலே தனியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த நிலத்திற்கு ஒருபுறம் செங்குத்தான மலை. மற்றப் பக்கங்களில் கடல். கணவனை மனைவி பிரிந்தாள். தாயைப் பிள்ளை பிரிந்தது. தீயொழுக்கத்தால் வந்த நோய் என்று எண்ணியவர்களும் பலர். நோயோடு பழியும் சேர்ந்தது.

1873 மே மாதத்தில் அடிகள் தாமே முன்வந்து அங்கே சென்றார். அப்போது வயது 33. குருமார் சிலர் முறை வைத்துச் சில காலம் தங்குவது என்பதே முதல் ஏற்பாடு. அவரோ அங்கேயே தங்கிவிட்டார். புண்களைக் கழுவிக் கட்டினார்; வீடு கட்டினார்; சவப்பெட்டி செய்தார்; குழியும் வெட்டினார். குடித்துக் கூத்தாடியவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால், கண்டித்த பிறகு கைவிடவில்லை.

1884 இல் ஒருநாள் கொதிநீரில் கால் வைத்தார், சுடவில்லை. நோய் தம்மையும் பற்றியதை அறிந்தார். பணியை விடவில்லை. 1889 ஏப்ரல் 15 இல் மறைந்தார்.

சில மாதங்களில் ஹொனலூலுவிலிருந்த ஹைடு என்னும் புராட்டஸ்டண்டு போதகர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகையிலும் வந்தது. டாமியன் முரடர், அழுக்கானவர், பெண்கள் விஷயத்தில் தூயவரல்லர், அதனாலேயே நோய் வந்தது என்பது அதன் சாரம். தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை நார்வேயின் ஹான்சன் கண்டதோ, அடிகள் மொலோக்காய் சென்ற அதே 1873 இல்!

ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890 இல் இதற்கு மறுப்பு எழுதினார். அவர் மொலோக்காய்க்கே சென்று பலரையும் விசாரித்தவர். அடிகள் முரடர்தாம், பிடிவாதக்காரர்தாம் என்று ஒப்புக்கொண்டார். அக்குறைகளோடு கூடியவரே அத்தொண்டைச் செய்தார் என்று காட்டினார். ஆனால், ஹைடின் மீது அவர் வீசிய சொற்கள் தீச்சொற்கள். கடுமை மிகுந்துவிட்டதென்று பின்னர் அவரே வருந்தினார். பழிக்கப்பட்டவருக்காகப் பரிந்து பேசும்போதும் பழிக்கும் ஆசை நம்மை விடுவதில்லை!

2009 இல் திருச்சபை டாமியனைப் புனிதராக அறிவித்தது. ஆனால், என் நெஞ்சில் நிற்பவர் பீடத்தில் இருக்கும் புனிதர் அல்லர். கண்டித்துவிட்டுப் புண் கழுவிய அந்த முரட்டு மனிதரே. கிறிஸ்தவ இரக்கம் என்பதை அவரிடம் நான் காண்கிறேன். அது குற்றத்தைக் குணம் என்று சொல்வதில்லை. குற்றமுடையவனைக் கைவிடுவதும் இல்லை.

நண்பர்களே, நம் விடுதியிலும் யாரோ ஒருவனைப் பற்றி ஒரு பேச்சு எழத்தான் செய்யும். அதில் உண்மையும் இருக்கலாம். நாளை அவன் காய்ச்சலில் கிடந்தால், கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க நம்மில் யார் எழுவோம்?