வத்திராயிருப்புக் கிருஷ்ணன்

நம் நாங்குநேரிக்கு வடக்கே, மலையடிவார ஊராகிய வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரையிலும் சென்னையிலும் பயின்று, கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் சூரிய ஒளியைத் தூய திரவங்களில் செலுத்தி, சிதறிவரும் ஒளியைத் தம் கண்ணாலேயே உற்றுநோக்கினார். ஒளித்துகள் தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுக்கு ஈந்து, நிறம் மாறி வெளிவருவது புலனாயிற்று. குவாண்டம் கொள்கைக்கு அது கண்கண்ட சான்று! கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசோ இராமனுக்கு மட்டுமே. எனக்கு இதில் சற்று மனத்தாங்கல்தான்.

நிறம் மாறிய அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் கண்ணுக்குப் பின்னே நின்று, கண்டேன் என்று உணர்ந்தது எது? இயற்பியல் இன்னும் விடை கூறவில்லை.

1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் எழுதிய அவர் 1961இல் மறைந்தார்.